தடியைப் பிடித்திருக்கும் கை

“தடியெடுத்தவன் தண்டல்காரன்” என்றனர். “வல்லான் வகுத்ததே வாய்க்கால்” என்றனர். “அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள்” என்றும் சொல்லி வைத்தனர். வாழ்ந்து சலித்தவர்களும் வதைபட்டு அலுத்தவர்களும் விட்டுச் சென்ற சொற்கள் இவை. இவற்றிலே வீரம் இல்லை, வேதனை உண்டு. நீதி இதுவென்று அவர்கள் கூறவில்லை. நடப்பு இதுவென்று கூறினர். வழக்கு மன்றத்திலே வாதாடி வென்றவன் வயலுக்குத் திரும்பி வந்து பார்க்கிறான். வாய்க்கால் வேறு பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது, வெட்டியவன் மண்வெட்டியுடன் அங்கேயே நிற்கிறான். தீர்ப்பு இவன் கையில். தண்ணீர் அவன் வயலில்!

பகுத்தறிவு பேசும் நம்மைப் பார்த்து அந்த ஏழை கேட்கிறான்: “உங்கள் வாதத்துக்கு மறுப்பில்லை. ஆனால் அவன் கையிலே தடி இருக்கிறதே, அதற்கு உங்களிடம் என்ன விடை?” கேள்வி எளியது. விடை எளிதன்று. “அறிவே இறுதியில் வெல்லும்” என்று மேடை அதிர முழங்கலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால், இறுதி என்பது எப்போது? தடியடி பட்ட முதுகு அதுவரை காத்திருக்குமா? வெல்லும் வெல்லும் என்று சொல்லிக்கொண்டே வீழ்ந்தவர் எத்தனை பேர்! முழக்கம் விடையாகாது, நண்பர்களே.

ஆகவே கேள்வியையே திருப்பிப் போட்டுப் பார்ப்போம். அறிவு வெல்லுமா என்று கேட்பதற்கு முன்பு, முரட்டு வலிமை வெல்வது எப்படி என்று கேட்போம். ஆயிரம் பேர் உள்ள ஊரிலே தடி வைத்திருப்பவன் ஒருவன். அவனுக்கும் கைகள் இரண்டே. ஆயிரம் பேரையும் அவனே அடித்துவிட முடியுமா? முடியாது. பின் எங்கிருந்து வந்தது அவனுடைய வலிமை?

இந்த வினாவுக்கு நாமறிந்த விடைகளுள் மிகத் தெளிவான ஒன்று, தத்துவப் பேராசிரியரின் ஏட்டிலே இல்லை. பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கிப் படித்த ஒரு படக்கதையிலே இருக்கிறது. படக்கதையா என்று முகம் சுளிக்க வேண்டாம். பண்டிதர் பாராமுகமாய் இருந்த இடத்திலேதான் பாமரர்க்கான உண்மை பலமுறை பேசப்பட்டிருக்கிறது. அந்தக் கதையை எழுதியவரையும், அவருடைய நான்கு பெண்மக்களையும், தடி ஏந்தியவர்கள் தூக்கிச் சென்று தொலைத்துவிட்டனர் என்பதை அறியும்போது, அதைப் பிள்ளை விளையாட்டு என்று எவரும் சொல்லத் துணியார்.

நாடு அர்ஜென்டினா. கதையின் பெயர் ‘எல் எத்தெர்னௌதா’. முடிவிலாக் காலத்தின் பயணி என்று பொருள் கொள்ளலாம். எழுதியவர் எக்டர் கெர்மான் ஓஸ்டர்ஹெல்ட், நிலவியல் பயின்றவர். வரைந்தவர் பிரான்சிஸ்கோ சொலானோ லோபெஸ். 1957 செப்டம்பர் 4ஆம் நாள் ‘ஓரா செரோ’ என்னும் வார இணைப்பிலே தொடங்கி 1959 வரை தொடர்ந்து வெளிவந்தது. வெளியிட்ட பதிப்பகமும் ஓஸ்டர்ஹெல்ட் தம் உடன்பிறந்தாருடன் சேர்ந்து நிறுவியதுதான்.

கதை பிறந்த காலத்தையும் கருத வேண்டும். 1955 ஜூன் 16ஆம் நாள், அந்நாட்டுக் கடற்படையின் வானூர்திகளே தலைநகர் புவனஸ் அயர்ஸின் நடுச் சதுக்கத்தின்மீது குண்டு பொழிந்தன. பகைநாட்டின்மீதா? இல்லை, சொந்த நாட்டின் மக்கள்மீது! அதிபர் பெரோனை வீழ்த்துவதற்காக நடந்த அத்தாக்குதலில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். வானத்திலிருந்து சாவு விழுவதைக் கண்ணாரக் கண்ட நகரத்துக்குத்தான், இரண்டாண்டு கழித்து, வானத்திலிருந்து சாவு விழும் கதை வந்து சேர்ந்தது.

குளிர்கால இரவு. ஒரு வீட்டின் மேல்மாடத்திலே நண்பர் நால்வர் சீட்டாடுகின்றனர். வெளியே பனி பொழிகிறது. ஒளிரும் பனி, ஓசையில்லாப் பனி, தொட்டவரை அந்த நொடியே கொல்லும் பனி! தெருவெங்கும் பிணம். நால்வருள் ஒருவர் தம் குடும்பத்தை நினைத்துப் பதறி வெளியே ஓடுகிறார். சில அடிகளில் வீழ்கிறார். பாசம் பெரிதுதான், ஆனால் பனிக்குப் பாசம் தெரியாது. எஞ்சியவருள் ஃபவல்லி என்பவர் இயற்பியல் பேராசிரியர். அவர் அழவில்லை, மண்டியிட்டுத் தொழவுமில்லை. எண்ணிப் பார்க்கிறார். பனி தோலைத் தொட்டால்தான் கொல்கிறது. ஆகவே தோலைத் தொடாமல் தடுத்தால் வாழலாம். வீட்டிலே கிடைத்த பொருள்களைக்கொண்டு உடல் முழுதும் மூடும் உடையும் முகமூடியும் செய்கின்றனர். அதை அணிந்துகொண்டு வீட்டுக்காரர் ஹுவான் சால்வோ தெருவிலே இறங்குகிறார். இன்று சுவர்களிலே காணப்படும் அந்த முகமூடி உருவம், மந்திரத்தால் வந்ததன்று, வரமாய் வந்ததுமன்று, சிந்தனையால் வந்தது.

இதுவரை இது அறிவின் வெற்றிக் கதை. இங்கேயே நிறுத்தியிருந்தால் நமக்கு இனித்திருக்கும். உண்மை மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கும். ஓஸ்டர்ஹெல்ட் நிறுத்தவில்லை. அதே ஃபவல்லி அடுத்து என்ன சொல்கிறார்? இனி ஒவ்வொரு மனிதனும் மற்றவனுக்குப் பகைவன். உடைக்காகவும் உணவுக்காகவும் ஒருவரையொருவர் கொல்வர். காட்டுச் சட்டமே நாட்டுச் சட்டம் என்கிறார். எதையும் கணக்கிட்டுப் பார்க்கும் அறிவே, மனிதனைக் கண்டு அஞ்சவும் கற்பிக்கிறது! அந்த அச்சத்திலிருந்து அவர்களை மீட்பது என்ன? மற்றவர்களோடு சேர்ந்து நிற்கத் தொடங்கியதுதான். பிராங்கோ என்னும் ஆலைத் தொழிலாளி வந்து சேர்கிறான். பட்டம் பெறாதவன், பட்டறையிலே வளர்ந்தவன். பேராசிரியர் தயங்கும் இடத்திலே அவன் துணிகிறான். படைத்தலைவன் குழம்பும் இடத்திலே அவனுக்கு வழி தோன்றுகிறது. தனி வீரன் ஒருவன் உலகைக் காப்பான் என்னும் கதையைத் தாம் நம்பவில்லை என்றும், உண்மையான வீரன் கூட்டு வீரனே என்றும் ஓஸ்டர்ஹெல்ட் பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார்.

அடுத்து, பகைவர் யார் என்னும் கேள்வி. முதலில் வருவன மாபெரும் வண்டுகள். கொடிய உருவம், குறி தவறாத ஆயுதம். இவைதாம் பகை என்று எண்ணிப் போரிடுகின்றனர். கால்பந்து அரங்கத்திலே அணிவகுத்து நின்று அடித்து வீழ்த்துகின்றனர். வீழ்ந்த வண்டின் பிடரியைப் பார்க்கின்றனர். அங்கே ஒரு கருவி பொருத்தப்பட்டிருக்கிறது! வண்டு தானாக வரவில்லை, யாரோ அனுப்பியிருக்கிறார்கள். பிறகு மனிதர்களே துப்பாக்கியுடன் எதிரே வருகின்றனர். அவர்கள் பிடரியிலும் அதே கருவி. நேற்றுவரை பக்கத்துத் தெருவிலே வாழ்ந்தவர்கள். இன்று ஏவினால் சுடும் பொறிகள். பிறகு, கட்டடங்களை இடித்துத் தள்ளும் யானையினும் பெரிய விலங்குகள். அவையும் ஏவப்பட்டவையே.

அனைத்தையும் ஏவுகிறவன் அகப்படுகிறான். மனிதனைப் போன்ற உருவம். கைகளிலேயோ எண்ணற்ற விரல்கள். இயந்திரப் பலகையின்முன் அமர்ந்து அந்த விரல்களாலே வண்டையும் விலங்கையும் மனிதனையும் ஆட்டுவிக்கிறான். அந்த இனத்துக்குக் கதையாசிரியர் வைத்த பெயர் ‘மனோ’; ஸ்பானிய மொழியிலே கை என்று பொருள். நாம் அவர்களைக் ‘கையர்’ என்போம். இவன்தான் தலைவன், இவனை வீழ்த்தினால் தீர்ந்தது என்று எண்ணும்போதுதான் கதையின் நெஞ்சு திறக்கிறது. கையனும் அடிமை! ஒரு காலத்திலே அறிவிலும் கலையிலும் சிறந்திருந்த இனம் அவனுடையது. ‘அவர்கள்’ வந்து அதை வென்றனர். யார் அவர்கள்? கதை முழுவதிலும் அவர்கள் முகம் காட்டப்படுவதேயில்லை, பெயரும் இல்லை, ‘அவர்கள்’ என்பதே பெயர். வென்றபின் ஒவ்வொரு கையனின் உடலிலும் ஒரு சுரப்பியைப் பொருத்திவிட்டனர். அதற்கு அச்சச் சுரப்பி என்று பெயர். கையன் எப்போது அஞ்சுகிறானோ அப்போது அது நஞ்சைக் கசியும். அந்த நஞ்சு அவனைக் கொல்லும். எதிர்க்க நினைத்தாலே அச்சம் பிறக்கும். அச்சம் பிறந்தாலே சாவு பிறக்கும். இத்தனையும் கூறிவிட்டு, இந்தச் சிறிய உலகத்தின் அழகை வியந்தவாறே அந்தக் கையன் சாகிறான். அவனைக் கொல்ல வந்தவர்கள், அவனுக்காக வருந்தி நிற்கின்றனர்.

நண்பர்களே, இந்த இடத்திலே ஏட்டை மூடி வைத்துவிட்டுச் சற்றே சிந்திப்போம்.

முரட்டு வலிமை என்று நாம் அஞ்சி நடுங்கும் அந்தப் பெரும்பொருளை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தால் தெரிவது என்ன? வண்டு, விலங்கு, பொறியாக்கப்பட்ட மனிதன், கையன் என எல்லாமே இரவல்! உண்மையில் ஆளுகின்ற ‘அவர்கள்’ ஒரு கல்லைக்கூடத் தூக்கி எறியவில்லை. வலிமைக்கு என்று சொந்தக் கை கிடையாது. ஊரார் கைகளை இரவல் வாங்கியே அது ஊரை அடிக்கிறது. இரவல் வாங்கப் பயன்படும் நாணயத்தின் பெயர் அச்சம். பதினாறாம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டில் எத்தியேன் த லா போயெத்தி என்னும் இளைஞர் இதையே எழுதினார். கொடுங்கோலனைத் தாங்கி நிற்பது மக்களின் பணிவே. அவனைத் தள்ளிவிடக்கூட வேண்டாம், தாங்குவதை நிறுத்தினால் போதும், தானே சாய்வான் என்பது அவர் வாதத்தின் சாரம். படக்கதை அந்த வாதத்துக்கு உடல் கொடுத்தது. அதோடு, தாங்குகிறவன் ஏன் நிறுத்துவதில்லை என்னும் வினாவுக்கு விடையும் கொடுத்தது. அச்சத்தை அவன் உடலுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்கள்!

இதிலிருந்து இரண்டு பாடங்கள் பெறலாம். முதற்பாடம் நமக்குக் கசப்பானது. கையன் அறிவில்லாதவன் அல்லன்; மனிதரைவிடப் பன்மடங்கு அறிவுடையவன். அந்த அறிவு அவனை விடுவிக்கவில்லை, தேர்ந்த அடிமையாக்கியது. ஆகவே, கூர்மதி வேறு, பகுத்தறிவு வேறு. எப்படிச் செய்வது என்று கேட்பது கூர்மதி. ஏன் செய்ய வேண்டும், யாருக்காகச் செய்கிறோம் என்று கேட்பது பகுத்தறிவு. முதற்கேள்வியை மட்டுமே கேட்கப் பழகிய மேதைகளைக் கொடுங்கோலர்கள் என்றும் விரட்டியதில்லை. விருந்து வைத்து அழைத்தனர். இரண்டாவது பாடம், ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் அறிவு காப்பாற்றாது என்பது. கதையின் கடைசிப் பகுதியிலே ஃபவல்லியையே பிடித்துவிடுகின்றனர். எல்லாருக்கும் வழி கண்டு சொன்ன அந்தப் பேராசிரியரின் பிடரியிலும் கருவி ஏறுகிறது! அறிவாளி ஒருவரை நம்பி அவர் பின்னே நடக்கும் கூட்டம், அவர் வீழ்ந்தால் வழியின்றி நிற்கும். அறிவு பலரிடம் பரவியிருக்கும் கூட்டத்தையோ, ஒருவரைப் பிடித்து ஒடுக்கிவிட முடியாது.

இவையெல்லாம் கதை. கதை எழுதியவர் வாழ்க்கையிலே நடந்தது என்ன?

1968இல், சே குவேராவின் வாழ்க்கையைப் படக்கதையாக எழுதினார். 1969இல் ‘எத்தெர்னௌதா’வையே புதிய வடிவிலே, அல்பெர்த்தோ பிரெச்சியாவின் ஓவியங்களுடன் மீண்டும் எழுதினார். இம்முறை வல்லரசுகள் தங்களைக் காத்துக்கொள்வதற்காகத் தென்னமெரிக்காவைப் படையெடுப்பாளரிடம் விலைபேசி விட்டுவிடுகின்றன. வெளியிட்ட வார ஏட்டின் வாசகர்கள் முணுமுணுத்தனர். ஏடு கதையை விரைவாகவே முடித்துக்கொண்டது. பின்னர் அவரும் அவருடைய நான்கு பெண்களும் மோன்தொனேரோஸ் என்னும் அமைப்பிலே சேர்ந்தனர். அவ்வமைப்பு ஆயுதம் ஏந்தியது, ஆட்களைக் கடத்தியது, கொலைகளும் செய்தது. அதை மூடி மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது பகுத்தறிவாகாது. தடியைத் தடியால் வெல்லலாம் என்னும் எண்ணம், தடியைக் கண்டு கொதித்த இளைஞர் எல்லார்க்கும் ஒருநாள் வரும். ஆனால் தடி ஏந்தும் அமைப்புக்கும் கைகள் வேண்டுமே! அந்தக் கைகளையும் கேள்வி கேளாத பணிவாலேதானே அது கட்டிவைக்கும்? 1976இல் அவர் எழுதத் தொடங்கிய இரண்டாம் பாகத்திலே ஹுவான் சால்வோ அடையாளமே தெரியாமல் மாறியிருக்கிறார். அன்று அண்டை வீட்டாரோடு சேர்ந்து சிந்தித்தவர், இன்று மனிதரை மிஞ்சிய ஆற்றல் கொண்ட தலைவர். வெற்றிக்காகத் தோழர்களையும் தம் மனைவி மகளையும்கூடப் பலிகொடுக்கத் தயங்காதவர். கூட்டு வீரனைப் படைத்த அதே பேனா, தனித் தலைவனைப் படைத்துவிட்டது. முரட்டு வலிமையை எதிர்த்து நெடுநாள் நிற்கிறவர் முகத்திலே அதன் சாயல் படிந்துவிடும் என்பதற்கு, இதைவிட வருத்தமான சான்று வேண்டுமோ?

எனினும், எதிர்த்தவரின் பிழை, ஒடுக்கியவரின் கொடுமைக்கு நியாயமாகிவிடாது. 1976 மார்ச் 24ஆம் நாள் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். இருபதாம் நூற்றாண்டிலே அந்நாடு கண்ட ஆறாவது படைப்புரட்சி அது. கைது செய்யவில்லை; வழக்குப் போடவில்லை; தண்டனை அறிவிக்கவில்லை. ஆட்கள் மறைந்தனர், அவ்வளவே! அரசு அமைத்த விசாரணைக் குழு 1984இல் பெயரோடு பதிவு செய்தவர்களே ஏறத்தாழ 9,000 பேர். மனித உரிமை அமைப்புகள் சொல்லும் தொகை 30,000. ஓஸ்டர்ஹெல்டின் பெண்கள் பெயாத்ரிசும் டயானாவும் 1976இல் பிடிபட்டனர். மரீனாவும் எஸ்தெலாவும் 1977இல். அவரையும் 1977இல் தூக்கிச் சென்றனர். இரகசியச் சிறைக்கூடங்களிலே அவரை உயிரோடு பார்த்ததாகத் தப்பி வந்தவர்கள் கூறினர். பிறகு செய்தியில்லை. நான்கு பெண்களிலே பெயாத்ரிசின் உடல் ஒன்றுதான் தாயிடம் வந்து சேர்ந்தது.

அப்படியானால் தடி வென்றுவிட்டதா? ஏழை கேட்ட கேள்வி மீண்டும் நம்முன் நிற்கிறது. ஆம், அன்று வென்றது. அதை மறுப்பது பொய். ஆனால் வென்ற தடியின் நடத்தையைப் பாருங்கள். 1977இல் படையாட்சி ஒரு குழந்தைக் கதை நூலுக்குத் தடை விதித்தது. எல்சா போர்னெமான் எழுதிய அந்நூலிலே என்ன இருந்தது? வட்டக் கொட்டகையிலே வேடிக்கை காட்டும் யானை ஒன்று, நாம் ஏன் இவனுக்கு அடங்கி ஆட வேண்டும் என்று கேட்டு, மற்ற விலங்குகளையும் சேர்த்துக்கொண்டு வேலைநிறுத்தம் செய்கிறது. நாடு முழுதும் படை, நகர் முழுதும் பீரங்கி, கடல் முழுதும் கப்பல். இத்தனையும் உடைய ஆட்சி, ஏட்டிலே வரைந்த யானைக்கு அஞ்சியது! ஏன்? பாகனைவிட யானை வலியது என்பது உலகறிந்தது. அது யானைக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதே பாகனின் தொழில் இரகசியம். அதை அந்த நூல் சொல்லிவிட்டது. 1980இல், ஒரே பதிப்பகத்துக்குரிய ஏறத்தாழ 15 இலட்சம் பிரதிகளைத் தலைநகருக்கு அருகிலுள்ள சரந்தி என்னுமிடத்திலே நீதிமன்ற உத்தரவின்பேரில் குவித்து எரித்தனர். தன் வலிமையிலே நம்பிக்கை உள்ளவன் தாளுக்குத் தீ வைப்பானா?

அச்சத்தை விற்றுப் பிழைப்பவனும் அச்சத்திலேதான் வாழ்கிறான். அந்த ஆட்சியின் கைகள் எப்படிக் கட்டப்பட்டிருந்தன என்பதையும் ஒரு கையே பிற்காலத்தில் வந்து சொன்னது. 1995இல் அதோல்ஃபோ சிலிங்கோ என்னும் முன்னாள் கடற்படை அதிகாரி ஒரு பத்திரிகையாளரிடம் பேசினார். கைதிகளுக்கு மயக்க ஊசி போட்டு, ஆடை களைந்து, வானூர்தியிலேற்றிக் கடலிலே தள்ளியதைச் சொன்னார். இரண்டு பயணங்களிலே முப்பது பேரைத் தள்ளியதில் தமக்குப் பங்குண்டு என்றார். ஊசி போட்டவர் மருத்துவர் என்றார். திரும்பி வந்தவர்களுக்கு ஆறுதல் கூறியவர்கள் பாதிரிமார் என்றார். அதிகாரிகளை முறைவைத்து அனுப்பினர் என்றும் சொன்னார். கவனியுங்கள்: முறை வைத்தனர்! எல்லார் கையிலும் குருதி படிந்துவிட்டால், எவன் வாயும் திறக்காதல்லவா? அச்சச் சுரப்பியைக் கற்பனை என்று எண்ணியவர்கள், அது கடற்படை முகாமிலே உண்மையாய்ப் பொருத்தப்பட்டிருந்ததை அறிந்தனர். மருந்தறிந்த மருத்துவரும் பொறியறிந்த அதிகாரியும் கையராய் நின்றனர். கூர்மதிக்குக் குறைவில்லை. ஏன் என்று கேட்கும் வாய்தான் இல்லை.

அந்த வாய் எங்கிருந்து வந்தது? எதிர்பாராத இடத்திலிருந்து. 1977 ஏப்ரல் 30ஆம் நாள், மறைந்தவர்களின் தாய்மார் சிலர் அதிபர் மாளிகைக்கு எதிரிலுள்ள சதுக்கத்திலே வந்து நின்றனர். 1955இல் குண்டு பொழிந்த அதே சதுக்கம். கையிலே ஆயுதமில்லை. கேட்டது ஒரே கேள்வி: “எங்கள் பிள்ளைகள் எங்கே?” விடை தர முடியாத ஆட்சி, கேட்ட தாய்மாரிலும் சிலரைக் கொண்டுபோய்க் கொன்றது. எஞ்சியவர்கள் மறுவாரமும் வந்து நின்றனர். கொல்வது எதற்காக? அஞ்சச் செய்வதற்காக. அஞ்சாமல் வந்து நிற்பவரிடம் கொலை தோற்றுப்போகிறது. அவரைக் கொல்லலாமே தவிர, ஏவ முடியாது.

அவர்களுள் பாட்டிமார் தனியே ஒரு கேள்வி கேட்டனர். சிறையிலே பிள்ளை பெற்ற பெண்களைக் கொன்றுவிட்டுக் குழந்தைகளைப் படையினரின் வீடுகளுக்கும் வேண்டியவர்களுக்கும் கொடுத்துவிட்டனர். பெயர் மாறியது, பிறந்த நாள் மாறியது, சான்றிதழ் எல்லாம் பொய். பெற்றோர் இருவரும் உயிரோடில்லாதபோது, இந்தப் பிள்ளை எங்கள் பேரப்பிள்ளை என்று பாட்டியின் குருதியைக் கொண்டே நிலைநாட்ட வழியுண்டா என்று அறிவியலாரைத் தேடித் தேடிக் கேட்டனர். 1984இல் அமெரிக்க மரபியலார் மேரி கிளேர் கிங் முதலானோர் உண்டு என்று வழி காட்டினர். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகின்ற மரபுப்பொருள் ஒன்று இருக்கிறது. பாட்டி மகளுக்குத் தந்தது, மகள் பேரப்பிள்ளைக்குத் தந்தது. இடையில் மகளைக் கொன்றாலும் அந்தத் தொடர் அறுவதில்லை. 1987இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி மரபணுத் தரவு வங்கி ஒன்றை நிறுவியது. 2025க்குள் கண்டறியப்பட்ட பேரப்பிள்ளைகள் 140 பேர். சான்றிதழைத் தடி மாற்றியது; குருதியை மாற்ற அதனால் முடியவில்லை. இங்கே அறிவு என்ன செய்தது? அடிக்கவில்லை. பொய் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் செய்தது.

1985இல் படைத்தலைவர்களைக் குடியியல் நீதிமன்றமே விசாரித்தது. விடேலாவுக்கும் மாசேராவுக்கும் வாழ்நாள் சிறை விதித்தது. பின்னர் மன்னிப்பு வழங்கினர், சட்டங்களால் மூடினர். 2005இல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாவென்றது. விடேலா 2013இல் சிறையிலேயே மாண்டார். இதை முழு வெற்றி என்று நாம் கொண்டாடத் தயாரில்லை. ஓஸ்டர்ஹெல்டின் மனைவி எல்சா சான்செஸ் கணவரையும் நான்கு மக்களையும் இழந்தவர். பிடிபட்டபோது அவருடைய பெண்களில் இருவர் கருவுற்றிருந்தனர். அந்தப் பேரப்பிள்ளைகளைத் தேடிப் பாட்டிமாரோடு சேர்ந்து நடந்த அவர், காணாமலேயே 2015இல் காலமானார். அவரிடம் சென்று, அறிவு வென்றுவிட்டது என்று சொல்ல எவருக்கு நா எழும்? அறிவின் வெற்றி காலந்தாழ்ந்து வருகிறது. தாழ்கின்ற ஒவ்வொரு நாளுக்கும் யாரோ விலை கொடுக்கின்றனர். ஆகவேதான், தடி ஓங்கியபின் வாதாடுவோம் என்று காத்திராமல், ஓங்குவதற்கு முன்பே கைகளிடம் பேச வேண்டியிருக்கிறது.

கதையின் முடிவிலே அதைத்தான் ஓஸ்டர்ஹெல்ட் வைத்தார். காலத்திலே வழிதவறிய ஹுவான் சால்வோ, ஓர் இரவு ஒரு கதையாசிரியரின் அறையிலே தோன்றித் தம் கதையெல்லாம் சொல்கிறார். சொல்லி முடிக்கும்போதுதான் தெரிகிறது, அது 1959 என்று. படையெடுப்பு நடக்க இன்னும் நான்காண்டு உள்ளது என்று! அவர் வீட்டுக்கு ஓடுகிறார். மனைவியையும் மகளையும் கண்டதும் அனைத்தையும் மறந்துவிடுகிறார். அறிந்தவன் இப்போது எழுத்தாளன் ஒருவன்தான். எழுதி அச்சிட்டால், வரப்போவதைத் தடுக்க முடியுமா என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்கிறான். விடை எழுதப்படவில்லை. 2025இல் இக்கதை திரைத் தொடராக உலகெங்கும் சென்றது. செப்டம்பர் 4 அந்நாட்டிலே படக்கதை நாளாகக் கொண்டாடப்படுகிறது. எழுதியவரைத் தொலைத்தவர்களால், எழுதிய கேள்வியைத் தொலைக்க முடியவில்லை.

ஏழை உழவனுக்கு நாம் சொல்லும் விடை இதுவே. தடிக்கு எதிரே வாதம் மட்டும் போதாது, உண்மை. ஆனால் தடியை மட்டும் பார்த்து மலைக்காதே. அதைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று பார். அந்தக் கைக்காரன் உன் ஊரான். உன்னைப்போல் கூலிக்கு உழைப்பவன். அவன் பிடரியிலும் ஒரு கருவி, நெஞ்சிலும் ஓர் அச்சம். சாதியின் பெயரால், சாமியின் பெயரால், சோற்றின் பெயரால் தைக்கப்பட்ட அச்சம்! அவனை அடித்து வீழ்த்தினால் நாளை வேறொரு கை வரும். அவனைச் சிந்திக்க வைத்தால், தடி தரையிலே கிடக்கும்.

இளைஞர்களே, உங்கள் வேலை அங்கேதான். ஏவுகிறவன் எவன் என்று கேளுங்கள். ஏவப்படுகிறவன் எதற்கு அஞ்சுகிறான் என்று கேளுங்கள். அறிந்ததை ஒருவர் தலைக்குள் பூட்டி வைக்காமல் பத்துப் பேருக்குப் பகிருங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, உங்கள் பிடரியை ஒருமுறை தடவிப் பாருங்கள்.